ஏஏ கூட்டத்துக்கு முதல்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் குடிக்காமல் இருப்பது இது எட்டாவது வருடம். கூட்டத்துக்கு வரலாமா வேண்டாமா என்று ஊசலாடுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், சில நேரம் அவர்களுடைய பிள்ளைகள் என்று யார் யாரோ போனில் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதியது. என் பெயர் இதில் இல்லை, காரணம் கீழே வரும். இன்னொன்று, இது என் அனுபவம் மட்டும்தான். ஏஏ சார்பில் பேசுகிறேன் என்று எந்த உறுப்பினரும் சொல்லிக்கொள்ள முடியாது, நானும் சொல்லவில்லை.

ஏஏ என்றால் என்ன? ஆஸ்பத்திரியா, ஆசிரமமா?

இரண்டும் இல்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம். குடியை நிறுத்த முடியாமல் தவித்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற கூட்டம், அவ்வளவுதான். 1935-ல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து அக்ரன் நகரத்தில் தொடங்கியது. பில் என்ற பங்குச்சந்தை ஆள் ஒருவர், வியாபார விஷயமாக அங்கே போன இடத்தில் வியாபாரமும் கைவிட்டுப்போய், மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்து, தன்னைப் போல இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் பிடித்துப் பேசினார். அந்த இன்னொருவர் பாப் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். பாப் கடைசியாகக் குடித்த நாள் என்று ஜூன் 10-ஐச் சொல்வார்கள், அதுதான் ஏஏ-வின் பிறந்தநாள். இந்தியாவில் 1957-லிருந்து நடக்கிறது. டாக்டர் கிடையாது, மாத்திரை கிடையாது, கட்டில் கிடையாது.

எங்கள் ஊரில் எங்கே நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஏஏ-வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அவர்களுடைய வலைத்தளத்தில் உங்கள் மாநிலம், ஊர் என்று தேடினால் அருகில் இருக்கும் குழுவோ, அந்தப் பகுதிக்கான ஹெல்ப்லைன் எண்ணோ கிடைக்கும். கிடைத்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், முதலில் போன் செய்யுங்கள். குழுக்கள் வாடகை அறையிலும், பள்ளிக்கூட வகுப்பறையிலும், சர்ச் வளாகத்து ஹாலிலும் நடப்பவை. பரீட்சை வந்தால் அறை கிடைக்காது, திருவிழா வந்தால் நேரம் மாறும், அந்த மாற்றம் இணையப் பட்டியலுக்கு வந்துசேர ஆறு மாதம் ஆகும், சில சமயம் வரவே வராது. பழைய பட்டியலை நம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, "சரி, கடவுளே வேண்டாம்னு சொல்லிட்டார்" என்று நேராகக் கடைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

போனை எடுப்பவரும் ஏஏ உறுப்பினர்தான், சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை. அவருக்கும் வேலை, வீடு உண்டு. பகலில் எடுக்கவில்லை என்றால் மாலையில் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.

இணையம் பழக்கமில்லாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள், குடிநோயாளிகளை அனுப்பி அனுப்பி அவர்களுக்குப் பழகியிருக்கும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும், இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனையிலும் (டிடிகே ஆஸ்பத்திரி என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும்) விசாரிக்கலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். இரண்டுமே இலவசம்.

போனில் என்ன கேட்பது? வாயே வரவில்லை.

எனக்கும் வரவில்லை. மூன்று தடவை கூப்பிட்டு, எதிர்முனையில் "ஹலோ" கேட்டதும் வைத்துவிட்டேன். நாலாவது தடவை நான் வைப்பதற்குள் அவரே, "தம்பி, வெச்சுடாதீங்க, நானும் இப்படித்தான் வெச்சேன்" என்றார்.

பெயர் சொல்ல வேண்டியதில்லை. என்றைக்கு, எத்தனை மணிக்கு, பக்கத்தில் என்ன அடையாளம் என்று கேளுங்கள். தமிழ்க் கூட்டமா, ஆங்கிலக் கூட்டமா என்றும் கேளுங்கள், சென்னையில் இரண்டும் உண்டு. அது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்பதும் முக்கியம். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தார், நண்பர்கள், மாணவர்கள் யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். மனைவியையோ அண்ணனையோ துணைக்குக் கூட்டிப்போய் வாசலில் நிற்கவைக்கும் சங்கடம் இதைக் கேட்டால் தீர்ந்துவிடும்.

கடைசியாக, "பஸ் ஸ்டாப்பில் யாராவது வந்து நிற்க முடியுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். வருவார்கள். விலாசத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும், அந்த மாடிப்படி ஏறத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. நான் அந்தத் தெருவில் இரண்டு வாரம் டீக்கடை வரைக்கும் போய்ப் போய்த் திரும்பியிருக்கிறேன். டீ மாஸ்டர் என்னை வீடு தேடுகிற புரோக்கர் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

குடியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டுமா?

இல்லை. நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி, அது ஏஏ குழுக்கள் பின்பற்றும் மரபுகள் என்ற நெறிகளில் மூன்றாவது. அன்றைக்குக் குடித்திருந்தாலும் பின்வரிசையில் சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்கலாம், யாரும் துரத்தமாட்டார்கள். பல குழுக்களில் அன்று குடித்திருப்பவரைப் பேச மட்டும் விடமாட்டார்கள், அதுவும் நல்லதுக்குத்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தினமும் குடிக்கிறவர், காலையில் கை நடுக்கத்தை அடக்க ஒரு கட்டிங் போடுகிறவர், வீராப்பில் ஒரே நாளில் நிறுத்திவிட்டு வீட்டில் படுத்துக்கொள்ளக் கூடாது. நிறுத்திய ஆறேழு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று தொடங்கிவிடும். அதைப் பேய் என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அது உயிரைப் பறிக்கக்கூடிய மருத்துவ அவசரம். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

தெருமுனை கிளினிக்கில் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. நாள்பட்ட குடியில் பி1 வைட்டமின், அதாவது தயமின், உடம்பில் வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையைப் பாதிக்கலாம். மானம் போகிறதே என்று குடியை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

மாலை போட்டால் ஒரு மண்டலம் குடிக்காமல் இருக்கிறேனே, நான் எப்படிக் குடிநோயாளி?

நானும் ஆறு வருடம் மலைக்குப் போனேன். விரதத்தில் ஒரு குறையும் கிடையாது. மாலையைக் கழற்றிய அன்று மாலை எங்கே இருந்தேன் என்பதையும் சேர்த்துத்தான் கணக்கு பார்க்க வேண்டும். எங்கள் குழுவில் தவக்காலம் நாற்பது நாளும் தொடாமல் இருந்து ஈஸ்டர் அன்று மதியமே ஆரம்பித்துவிடுகிற ஒருவர் இருந்தார், கோயிலில் கயிறு கட்டி, கயிறு அவிழும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தவரும் இருந்தார். விடமுடிகிறதா என்று கேட்டால் எல்லோருமே விடுவோம். விட்டபின் ஒரு கிளாஸோடு நிறுத்த முடிகிறதா, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் குடிநோயாளியா இல்லையா என்று கூட்டத்தில் யாரும் தீர்ப்பு சொல்லமாட்டார்கள், அதை நீங்கள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

உள்ளே என்ன நடக்கும்? நான் பேச வேண்டுமா?

ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, சுவரில் பன்னிரண்டு படிகள் (குடியிலிருந்து மீள ஏஏ காட்டும் வழி) எழுதிய அட்டை. ஒருவர் கூட்டத்தை நடத்துவார், அவர் தலைவர் அல்ல, அன்றைக்கு அவர் முறை. சின்னப் பிரார்த்தனை, ஏஏ பற்றிய ஒரு முகவுரை, அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தங்கள் கதையைச் சொல்வார்கள். நடுவில் யாரும் குறுக்கிட்டுப் புத்தி சொல்வதில்லை. இது நம் ஊரில் பெரிய அதிசயம், கல்யாண வீட்டில்கூட நமக்கு இலவசமாகக் கிடைப்பது புத்திமதிதானே.

உங்கள் முறை வந்தால் "இன்னைக்குக் கேட்டுட்டுப் போறேன்" என்று சொன்னால் போதும். நான் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், தண்ணீர் டேங்க் மூடிக்கு அடியில் குவார்ட்டரை ஒளித்துவைத்த கதையைச் சொன்னார். நான் அதே இடத்தில்தான் ஒளித்துவைத்திருந்தேன். என் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாத இடம். அன்றைக்குத்தான் இவர்கள் பேசுவது என்னைப் பற்றி என்று உறைத்தது.

தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்?

அவரும் அதற்காகத்தானே அங்கே வந்திருப்பார். பெயரில்லாமை இதன் அடிப்படை: யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பது அந்த அறையைவிட்டு வெளியே போகாது. இனிஷியல், ஊர், ஜாதி, வேலை எதுவும் சொல்ல வேண்டாம், வருகைப் பதிவேடும் ஆதாரும் கிடையாது. அச்சிலும் இணையத்திலும் தங்களை ஏஏ உறுப்பினர் என்று முழுப் பெயரோடு சொல்லிக்கொள்வதையும் தவிர்ப்பார்கள், நான் பெயர் போடாதது அதனால்தான். நூற்றுக்கு நூறு பேரும் வாயைக் கட்டுவார்கள் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன், மனுஷங்கதானே. ஆனால் ஒன்று, நாம் ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் குடி தெருவுக்கே தெரிந்த விஷயம்.

எவ்வளவு செலவாகும்?

ஒன்றும் ஆகாது. கூட்டத்தின் முடிவில் ஒரு டப்பாவோ பையோ சுற்றிவரும், அறை வாடகைக்கும் டீக்கும். விருப்பம் இருந்தால் போடலாம், புதியவரைப் போடச்சொல்லமாட்டார்கள். வெளியாட்கள் நன்கொடை கொடுத்தாலும் ஏஏ வாங்குவதில்லை.

சர்ச்சில் நடக்கிறதே, மதம் மாற்றுவார்களா? எனக்குக் கடவுள் நம்பிக்கையும் இல்லை.

ஹால் வாடகைக்குக் கிடைப்பதால் அங்கே நடக்கிறது, அவ்வளவுதான். எங்கள் கூட்டத்தில் திருநீறும் தொப்பியும் சிலுவையும் கருப்புச் சட்டையும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, மறைக்கவில்லை. "நாம் புரிந்துகொண்ட விதத்தில்" என்ற சொற்களும் கூடவே வருகின்றன. கருப்புச் சட்டைக்காரர் ஒருவர் இந்த நாற்காலி வரிசைதான் தன்னைவிட மேலான சக்தி என்பார், அவர் என்னைவிட நாலு வருடம் சீனியர். அந்தப் பேச்சே ஒத்துவரவில்லை என்றால் மனநல மருத்துவர், ஆலோசகர் வழியாகவும் மீளலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் வரமாட்டேன் என்கிறார். நான் என்ன செய்வது?

அக்கா, முதலில் உங்களுக்கு ஒரு இடம் உண்டு. அல்-அனான் என்பது குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான தனிக் கூட்டம், 1951-ல் தொடங்கியது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் உண்டு. அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் போகலாம். பாட்டிலை ஒளிப்பது, ஆபீஸுக்குப் போன் போட்டு "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வது, கந்துக்காரனுக்குப் பதில் சொல்வது, இதிலேயே தேய்ந்துபோன பெண்கள் அங்கே உட்கார்ந்து முதல்முறையாகத் தங்களைப் பற்றிப் பேசுவார்கள்.

அவரிடம் பேச ஏஏ உறுப்பினர்கள் வீட்டுக்கே வருவார்கள், வழக்கமாக இரண்டு பேராக. அவர் "வரட்டும்" என்று சொல்லியிருக்க வேண்டும், போதை தெளிந்த நேரமாகவும் இருக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு அவர் கத்திக்கொண்டிருக்கும்போது எங்களைக் கூப்பிட்டுப் பயனில்லை. அடி உதை என்றால் அது வேறு விஷயம், பெண்கள் உதவி எண் 181.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். "அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்" என்று விற்கிற பொடியையும் மாத்திரையையும் தொடாதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் உண்மையான மருந்துதான், ஆனால் நோயாளிக்குத் தெரிந்து, டாக்டர் உடம்பைப் பரிசோதித்தபின் கொடுக்க வேண்டியது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டு அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிந்து, இருதயக்காரருக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த ஆபத்து இருக்கும். பொடியில் என்ன இருக்கிறதென்று விற்கிறவனுக்கே தெரியாது.

பெண்கள் வரலாமா?

வரலாம். வருகிறவர்கள் குறைவு, குடிக்கிற பெண்கள் குறைவு என்பதனால் மட்டும் இல்லை. ஆண்கள் நிறைந்த அறையில் ஏறி உட்கார்வது லேசான காரியமா? போன் செய்யும்போதே பெண் உறுப்பினர் யாரிடமாவது பேச வேண்டும் என்று கேளுங்கள். பெண்களுக்கென்றே இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன, கேமராவை அணைத்துவிட்டு வேறு பெயரில் உட்காரலாம்.

மறுவாழ்வு மையமும் ஏஏ-வும் ஒன்றா?

இல்லவே இல்லை. ஏஏ எந்த மையத்தையும் நடத்துவதில்லை, எவரையும் வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோவதில்லை. சில மையங்களுக்குள் உறுப்பினர்கள் போய்க் கூட்டம் நடத்துவார்கள், குழப்பம் அதிலிருந்து வருகிறது. நல்ல மையங்கள் உண்டு. என்னை ஒருமுறை கொண்டுபோய்ப் போட்ட இடம் அப்படி இல்லை: மூன்று மாதம், ஒரே ஹாலில் நாற்பது பேர், பேசினால் அடி. வெளியே வந்த அன்றே குடித்தேன். சேர்ப்பதற்கு முன், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா, டாக்டர் எப்போது வருவார், வீட்டார் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமா என்று கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சங்கிலியில் கட்டுவது குற்றம். "பார்க்க வராதீங்க, கெட்டுடுவார்" என்று சொல்கிற இடத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.

எங்கள் கிராமத்திலிருந்து முப்பது கிலோமீட்டரில்தான் கூட்டம். என்ன செய்ய?

வாரம் ஒருமுறை போங்கள், மீதி நாளுக்குப் போனும் இணையக் கூட்டமும். கடைசி பஸ் நேரம் பார்த்துப் பாதியில் எழுந்து வந்தாலும் தப்பில்லை. தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று பெரிய ஊர்க்காரர்கள் சொல்வார்கள், அது அவர்களுக்கு. இரண்டு பேர் ஒழுங்காக வர ஆரம்பித்துவிட்டால் உங்கள் ஊரிலேயே குழு தொடங்கலாம், அனுமதி வாங்க வேண்டிய பெரிய ஆபீஸ் எதுவும் கிடையாது.

இதெல்லாம் உண்மையில் வேலை செய்யுமா?

எனக்குச் செய்தது, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்குச் செய்யவில்லை, அவர்கள் இப்போது இல்லை. ஆராய்ச்சி கேட்கிறவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பின் மீளாய்வு 2020-ல் வந்தது, அது 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விவரத்தோடு, சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில், முறையாகக் கற்றுத்தரப்படும் பன்னிரண்டு படி சிகிச்சை மற்ற சிகிச்சைகளுக்குக் குறையவில்லை, சிலவற்றைவிட மேலாகவே இருந்தது என்கிறது. டாக்டரையும் கூட்டத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்காக இன்னொன்றை விடத் தேவையில்லை. மனநல மாத்திரை சாப்பிடுகிறவரிடம் "அதெல்லாம் விட்டுடு" என்று யாராவது சீனியர் சொன்னால் கேட்காதீர்கள். அது அவர் வேலையே இல்லை.

போய்க்கொண்டிருந்தேன், மறுபடி குடித்துவிட்டேன். எந்த முகத்தோடு போவது?

அதே முகத்தோடுதான். நான் பதினோராவது மாதம் ஒரு சாவு வீட்டில் குடித்தேன். ஒரு வருடப் பிறந்தநாளுக்கு (குடியை விட்ட நாளைப் பிறந்தநாள் என்போம்) குழுவில் கேக் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சமயம். நாலு நாள் கழித்துப் போனேன். என் ஸ்பான்சர், அதாவது எனக்கு முன்னால் இந்த வழியில் நடந்து எனக்குக் கைகொடுக்கிறவர், கேட்டது ஒன்றுதான்: "சாப்பிட்டியா?"

நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். அது கஷ்டமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

முதல் நாள் என்ன எடுத்துப்போவது? முடிந்ததும் என்ன செய்வது?

வெறும் கையோடு போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிறும் கோபமும் சேர்ந்தால் குடிக்கத் தோன்றும். கூட்டம் முடிந்ததும் விறுவிறுவென்று இறங்கிவிடாமல் டீ முடியும்வரை நின்று, இரண்டு பேரிடமாவது நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் டாஸ்மாக் திறந்திருக்கும், பத்து மணி வரை. அதைத் தாண்டும்போது அந்த நம்பரில் ஒன்றைக் கூப்பிட்டு எதையாவது பேசிக்கொண்டே நடங்கள், மழை, கிரிக்கெட், எது வேண்டுமானாலும். யாராவது போனைப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்து நான் வாங்கிய முதல் நம்பரை "பிளம்பர்" என்று சேவ் செய்தேன். எட்டு வருடமாகியும் மாற்றவில்லை. போன வாரம் சமையலறைக் குழாய் ஒழுகியபோது என் பெண்டாட்டி அவரைக் கூப்பிட்டுவிட்டாள்.